அமெரிக்கக் குதிரை உரிமையாளர்கள் தங்களுக்கு வேண்டாத குதிரைகளைக் கால்நடை மருத்துவக் கல்லூரிகளுக்குக் கொடுப்பது ஏன்?

கொங்குவேள் எழுதியது:

அமெரிக்காவில் குதிரை வைத்திருப்போர், அதை இனி வைத்துக்கொள்ள இயலாது என்ற நிலைக்கு வரும்போது, விற்கவும் மனமில்லாமல், ஊசி போட்டு முடிக்கவும் மனமில்லாமல், ஏதாவதொரு பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்துவிடுகிற வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. இதைப் பற்றிப் பேசும் பலரும் "வருமான வரியில் கழிவு கிடைக்கிறது, அதனால் கொடுக்கிறார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த விளக்கம் எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. துறை சார்ந்தவர்களும் குதிரை வளர்த்தவர்களும் இங்கே இருப்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குதிரை 25 முதல் 30 ஆண்டுகள் வரை உயிர்வாழக் கூடியது. ஆனால் பந்தயத்திலும் தாண்டுதல் போட்டியிலும் அது பயன்படும் காலம் அதில் ஒரு சிறு பகுதிதான். எஞ்சிய ஆண்டுகளுக்கான தீவனம், லாயம், லாடம், மருத்துவம் எல்லாம் உரிமையாளரின் தலையில் விழுகின்றன. அமெரிக்கக் குதிரை மருத்துவர்களின் சங்கம் 2005இல் வாஷிங்டனில் இதற்கென்றே ஒரு கூட்டத்தைக் கூட்டியது. முதுமை, காயம், நோய், அடங்காமை, எதிர்பார்த்த அளவுக்குத் தேறாமை ஆகிய காரணங்களால் உரிமையாளருக்கு வேண்டாமற்போன குதிரைகளை என்ன செய்வது என்பதே அங்கு பேசுபொருள். அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 2007இல், டெக்சஸில் இரண்டும் இல்லினாயில் ஒன்றுமாக எஞ்சியிருந்த குதிரை இறைச்சிக் கூடங்கள் மூடப்பட்டன. அதனால் குதிரைகள் தப்பிவிடவில்லை. நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2011இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2010இல் ஏறத்தாழ 1,38,000 குதிரைகள் இறைச்சிக்காகக் கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் லாரிகளில் அனுப்பப்பட்டன. அதன் பிறகு அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்திருக்கிறது என்றாலும், ஏலத்துக்குப் போகும் குதிரை எந்தக் கையில் போய்ச் சேரும் என்ற அச்சம் உரிமையாளர்களை விட்டு நீங்கவில்லை.

இந்த நிலையில் கல்லூரி வாசலுக்கு வருகிறவர்கள் உண்மையில் எதை நாடி வருகிறார்கள் என்பதே என் கேள்வி.


லாயத்துமருத்துவர் எழுதியது:

கொங்குவேள் அவர்களுக்கு வணக்கம். அமெரிக்கக் கால்நடைக் கல்லூரி ஒன்றின் குதிரைப் பிரிவில் பணியாற்றுகிறேன். குதிரையைக் கொடுக்க விரும்பித் தொலைபேசியில் அழைப்பவர்களிடம் பேசுவதும் என் வேலையில் அடங்கும். அவர்களில் பெரும்பாலோர் வரி என்ற சொல்லையே எடுப்பதில்லை. அவர்கள் சொல்லும் முதல் செய்தி நோயைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

நொண்டும் குதிரையை நேர்மையாக விற்க முடியாது. குறையைச் சொன்னால் வாங்க ஆள் இருக்காது. மறைத்து விற்றால் ஏறி ஓட்டுகிற பிள்ளை விழுந்து அடிபடும், வழக்கும் வரும். பின்னங்கால்கள் தள்ளாடுகிற குதிரையை, அதாவது கழுத்து முள்ளெலும்பின் குறுக்கம் தண்டுவடத்தை அழுத்துவதால் தன் கால் எங்கே இருக்கிறது என்பதையே உணராத குதிரையை, எந்த விலைக்கும் இன்னொருவரிடம் தள்ளிவிடக் கூடாது. மூச்சிரைப்பு உள்ள குதிரையும் அப்படித்தான்: உலர்புல்லின் தூசி பட்டாலே விலாவைச் சுருக்கி மூச்சைத் தள்ளும், ஓட்டத்துக்கு உதவாது. சந்தையில் இந்தக் குதிரைகளுக்கு மதிப்பில்லை. எங்களுக்கோ இவையே பாடம்.

ஒரே ஒரு நோயை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி அதில் இருக்கிறது. குவார்ட்டர் குதிரை இனத்தில், குறிப்பாக மாடு மறிக்கும் போட்டிக்கென வளர்க்கப்படும் வழிகளில், ஹெர்டா என்ற பரம்பரைத் தோல்நோய் உண்டு. குட்டி பிறக்கும்போது ஒன்றும் தெரியாது. ஏறத்தாழ 2 வயதில் முதன்முதலாகச் சேணம் பூட்டிப் பழக்கத் தொடங்கும்போது, சேணத்தின் அடியில் முதுகுத் தோல் பிய்ந்து தனியே வழுக்கும். புண் ஆறினாலும் வெண்மையான தழும்பாக நிற்கும். தோலின் அடுக்குகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதில்லை என்பதுதான் காரணம். அந்தக் குதிரையின் மேல் இனி ஒருநாளும் சேணம் வைக்க முடியாது, இனப்பெருக்கத்துக்கும் விடக் கூடாது. புகழ்பெற்ற வழியில் வந்த குட்டி என்று பெரும் விலை கொடுத்து வாங்கியவர் கையில் நிற்பது அழகான, இளமையான, எதற்கும் பயன்படுத்த முடியாத ஒரு விலங்கு. இப்படிப்பட்ட குதிரைகளை உரிமையாளர்கள் மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகம், டேவிஸிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம், கார்னெல் ஆகியவற்றின் ஆய்வாளர்களுக்குக் கொடுத்தார்கள். இரத்தமும் தோலும் வம்சாவளியும் ஒன்றாகக் கிடைத்ததால்தான் நோய்க்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2007இல் கண்டறிந்து வெளியிட முடிந்தது. இன்று பிடரியிலிருந்து வேரோடு பிடுங்கிய சில மயிர்களை உறையிலிட்டு அனுப்பினால், எந்தப் பொலிகுதிரை அந்த மாற்றத்தைச் சுமக்கிறது என்று இணைசேர்ப்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.

கொடுத்தவர்கள் சொன்ன காரணம் எளியது: இந்தத் துன்பம் இன்னொருவர் வீட்டு லாயத்தில் நேரக் கூடாது. அதை வெறும் பேச்சு என்று ஒதுக்க என்னால் முடியாது.


கணக்காயன் எழுதியது:

வரித் துறையில் பணிபுரிபவன் என்ற முறையில், "வரிக்காகத்தான்" என்ற பேச்சு ஏன் பெருமளவு காலாவதியானது என்பதை விளக்க விரும்புகிறேன்.

ஒரு காலத்தில் அதில் உண்மை இருந்தது. மதிப்பற்ற குதிரைக்குப் பெரும் மதிப்பைக் காட்டிப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்து, வருமானத்தில் அத்தொகையைக் கழித்துக்கொள்ளும் ஏற்பாடுகள் நடந்தன. குதிரைக்கு மட்டுமன்றி ஓவியம், நவமணி, பழம்பொருள் எல்லாவற்றுக்கும் இப்படி நடந்ததால், 1984இல் வந்த சட்டத்தின் மூலம், 5,000 டாலருக்கு மேல் மதிப்புக் காட்டப்படும் பொருளுக்குத் தகுதிவாய்ந்த மதிப்பீட்டாளரின் எழுத்துமூலமான மதிப்பீடு கட்டாயமாக்கப்பட்டது. 500 டாலரைத் தாண்டினாலே 8283 எண்ணுள்ள படிவத்தை இணைக்க வேண்டும். மதிப்பீடு தேவைப்பட்ட குதிரையைப் பெற்றுக்கொண்ட கல்லூரி 3 ஆண்டுகளுக்குள் விற்றுவிட்டால், எவ்வளவுக்கு விற்றது என்பதை 8282 எண்ணுள்ள படிவத்தில் அரசுக்குத் தெரிவிக்கும். அப்போது உரிமையாளர் காட்டிய மதிப்பும் ஏலத்தில் கிடைத்த விலையும் அதிகாரியின் மேசையில் பக்கத்துப் பக்கமாக நிற்கும்.

அடுத்து, மதிப்பு என்பது எது? நீங்கள் வாங்கிய விலையோ, பயிற்சிக்குச் செலவிட்ட தொகையோ, உங்கள் மகள் அதன்மேல் வைத்த அன்போ கணக்கில் வராது. கொடுத்த நாளில், அந்த நிலையில், விவரம் தெரிந்த ஒருவர் அதற்கு என்ன கொடுப்பாரோ அதுவே நியாயச் சந்தை மதிப்பு. 20 வயதுள்ள நொண்டிக் குதிரைக்கு அது சில நூறு டாலர்களைத் தாண்டுவது அரிது. பந்தயத் தொழிலாகவே நடத்துகிறவர்களின் நிலை இன்னும் இறுக்கமானது. குதிரையின் விலையை ஆண்டுதோறும் தேய்மானமாகக் கழித்துத் தீர்த்துவிட்டவர், அதையே தானமாகக் கொடுத்து மீண்டும் ஒருமுறை கழிக்க முடியாது. தேய்மானமாகக் கழித்த அளவுக்குத் தானத்தின் கழிவு குறைக்கப்படும்.

இவை போக, 2018 முதல் தம்பதியருக்கான பொதுக் கழிவு (எதையும் பட்டியலிடாமலே கிடைக்கும் கழிவு) 24,000 டாலராக, அதாவது ஏறத்தாழ இரு மடங்காக உயர்ந்தது. கழிவுகளைத் தனித்தனியாகப் பட்டியலிடுவோருக்கே பொருள் தானத்தால் பயன் உண்டு என்பதால், நடுத்தரக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு குதிரையைக் கொடுப்பதால் வரியில் ஒரு காசும் குறைவதில்லை. நல்ல உடல்நிலையிலுள்ள, போட்டிகளில் ஓடிய, உண்மையிலேயே விலை மதிப்புள்ள குதிரையைப் பல்கலைக்கழகத்தின் சவாரிக் குழுவுக்கோ போலோ குழுவுக்கோ செல்வந்தர் ஒருவர் கொடுக்கும்போது கணக்கு வேறு. அங்கே வரிச் சலுகைக்குப் பொருள் உண்டு. இந்த இழை பேசும் நோயுற்ற, முதிய குதிரைகளுக்கு அது பொருந்தாது.


நிலாமுற்றம் எழுதியது:

நாங்கள் அப்படிக் கொடுத்த குடும்பம். எங்கள் காரணங்களைச் சொல்கிறேன்.

எங்கள் மகள் பள்ளிக் காலம் முழுவதும் ஏறிய குவார்ட்டர் குதிரை அது. காயடித்த ஆண், பழுப்பு நிறம், முன்னங்கால்கள் இரண்டிலும் குளம்பின் பின்பகுதியில் தீராத வலி. சிறப்பு லாடம் அடித்துப் பார்த்தோம், மாத்திரை கொடுத்துப் பார்த்தோம். நடப்பான், மேய்வான், வேலியோரம் ஆளைக் கண்டால் வருவான்; ஏறினால் மட்டும் தலை மேலும் கீழுமாக ஆடும். மகள் கல்லூரிக்குப் போய்விட்டாள். லாயம் வாடகை லாயம். உரிமையாளர் நிலத்தை விற்பதாகச் சொன்னபோது எங்கள் கையில் நேரமும் குறைந்துவிட்டது.

மீட்பு இல்லங்களை அழைத்தோம். எல்லா இடத்திலும் காத்திருப்போர் வரிசை. "நல்ல வீட்டுக்கு இலவசம்" என்று விளம்பரம் கொடுக்கலாமே என்றார்கள். அப்படி இலவசமாகச் சேகரித்து ஏலக் களத்தில் இறைச்சி வியாபாரியிடம் சேர்க்கிறவர்கள் உண்டு என்பதைக் குதிரை உலகில் அறியாதவர் இல்லை. அந்த வழியை நாங்கள் தொடவில்லை. எங்கள் மருத்துவர் கருணைக்கொலையைப் பற்றி மென்மையாக எடுத்துச் சொன்னார். பசியோடு தின்கிற, கூப்பிட்டால் வருகிற உயிருக்கு அந்த முடிவை எடுக்க என் கணவருக்கு மனம் ஒப்பவில்லை. எனக்கும்தான்.

கல்லூரியில் பேசிய பெண்மணி கேட்ட கேள்விகள் எனக்கு இன்னும் நினைவில் இருக்கின்றன. கடிப்பானா, உதைப்பானா, அறிமுகமில்லாதவர் பின்பக்கம் வந்து நின்றால் என்ன செய்வான், குளம்பைத் தூக்கக் கொடுப்பானா, வண்டியில் அமைதியாக ஏறுவானா, இரத்தச் சோகைத் தொற்றுக்கான காகின்ஸ் பரிசோதனை எப்போது எடுத்தது என்று வரிசையாகக் கேட்டார். வயதையும் நொண்டலையும் சொன்னபோது அவர் தயங்கவேயில்லை. குளம்பு வலி இரு கால்களிலும் உண்டா என்று ஆர்வத்தோடு விசாரித்தார். லாடக்காரர் குனிவதற்கு முன்பே காலைத் தூக்கிக் கொடுக்கிற பழக்கம் அவனுக்கு உண்டு என்று சொன்னேன், அதையும் குறித்துக்கொண்டார்.

ஒப்பந்தத்தில், குதிரையின் முழு உரிமையும் கல்லூரிக்கு மாறுகிறது என்றும், கற்பித்தலுக்கோ ஆய்வுக்கோ பயன்படுத்தவும், பிறருக்கு மாற்றவும், தேவையெனில் கருணைக்கொலை செய்யவும் கல்லூரிக்கு உரிமை உண்டு என்றும் தெளிவாக எழுதியிருந்தது. படித்துப் பார்த்துத்தான் கையெழுத்திட்டோம். எங்களை இழுத்தது ஒன்றுதான்: அவன் உடலில் எது மாறினாலும் அதைக் கவனிக்கத் தெரிந்தவர்கள் நாள் முழுவதும் அவனைச் சுற்றி இருப்பார்கள். எங்கள் லாயத்தில் அந்த வசதி இருந்ததில்லை.


அறம்பேசி எழுதியது:

சகோதரி நிலாமுற்றம் அவர்களின் மனத்தை மதிக்கிறேன். இருப்பினும் இந்த இழையில் சொல்லப்படாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

உரிமையாளர் எடுக்க வேண்டிய கடைசி முடிவை, கண்ணுக்கு மறைவாக இன்னொருவர் எடுக்கும்படி ஒப்படைப்பதே இந்தத் தானத்தின் சாரம் என்று நான் கருதுகிறேன். குதிரை இறக்கத்தான் போகிறது. நான் அங்கே இருக்க மாட்டேன், அவ்வளவுதான் வேறுபாடு. இடைப்பட்ட காலத்தில் அந்த விலங்கு என்ன அனுபவிக்கிறது? ஒரு குடும்பத்தின் குரலுக்குப் பழகிய முதிய குதிரை, இரும்புச் சட்டங்களுக்கிடையே நிறுத்தப்பட்டு, பழக்கமில்லாத மாணவர்களின் கைகளால் மாறி மாறிச் சோதிக்கப்படுகிறது. அறுவைச் சிகிச்சைப் பயிற்சிக்கென்று குதிரைக்கு மயக்கம் கொடுத்து, வயிற்றைத் திறந்து குடலைத் தைத்துப் பழகி, பயிற்சி முடிந்ததும் மயக்கம் தெளியவிடாமலே கொன்றுவிடுகிற வகுப்புகள் பல கல்லூரிகளில் நடந்தன என்பது மறைக்கக் கூடிய செய்தி அல்ல. அமெரிக்க மாணவர்களே மனச்சான்றின் பெயரால் அவற்றை எதிர்த்தார்கள். தானம் கொடுத்தவர்களில் எத்தனை பேருக்கு அது முன்கூட்டியே சொல்லப்பட்டது?

வீட்டு மேய்ச்சல் நிலத்தில், தெரிந்த கை கழுத்தைத் தடவிக்கொண்டிருக்க, மருத்துவர் போடும் ஊசியால் விழுந்து முடிவது குதிரைக்கு எல்லா வகையிலும் மேலானது. பொறுப்பு என்பது அதுதான்.


லாயத்துமருத்துவர் எழுதியது:

அறம்பேசி அவர்கள் எழுதியதில் ஒரு பகுதியை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். முடிவைத் தம் கையால் எடுக்க இயலாமையே பலரை எங்களிடம் கொண்டுவருகிறது. தொலைபேசியில் அழுதுகொண்டே பேசுகிறவர்களை நான் அறிவேன். அவர்களிடம் நான் நேரடியாகவே சொல்வது இது: உங்கள் குதிரை இங்கே வாழ்நாள் முழுவதும் மேய்ந்துகொண்டிருக்கும் என்று நினைத்துக் கொடுக்காதீர்கள்; அதன் முடிவைப் பெரும்பாலும் நாங்கள்தான் தீர்மானிப்போம்; அது உங்களுக்குப் பொறுக்காது என்றால் கொடுக்க வேண்டாம். இதைச் சொல்லாமல் குதிரையை வாங்குகிற கல்லூரி தவறு செய்கிறது.

ஆனால் குதிரைகள் அங்கே என்ன செய்கின்றன என்பதில் உங்கள் சித்திரம் பழையது. நீங்கள் குறிப்பிட்ட அறுவை வகுப்புகள் பெரும்பாலான இடங்களில் வெகுவாகக் குறைந்துவிட்டன. இயல்பாக இறந்த அல்லது நோயின் காரணமாகக் கருணைக்கொலை செய்யப்பட்ட விலங்குகளின் உடல்களை உரிமையாளரின் ஒப்புதலோடு பெற்றுப் பாடம் நடத்தும் முறையை மாசசூசெட்ஸிலுள்ள டஃப்ட்ஸ் கல்லூரி முன்னெடுத்தது, பிறரும் பின்பற்றினார்கள். உயிருள்ள குதிரையை எந்த வகுப்பில் எத்தனை முறை பயன்படுத்தலாம் என்பதை, 1985இல் திருத்தப்பட்ட விலங்கு நலச் சட்டத்தின்கீழ் ஒவ்வொரு நிறுவனத்திலும் இயங்கும் விலங்குப் பயன்பாட்டுக் குழு தீர்மானிக்கிறது. அந்தக் குழுவில் நிறுவனத்தைச் சாராத ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும்.

ஒரு வேடிக்கையான முரண், சட்டத்தில் இருப்பது: தனியார் லாயத்தில் நிற்கிற குதிரை அந்தக் கூட்டாட்சிச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வராது, ஆய்வுக்குப் பயன்படும் குதிரைதான் வரும். மாநிலச் சட்டங்கள் தனி.

நிலாமுற்றம் அம்மையாரின் குதிரையைப் போன்றது எங்களுக்கு எதற்குப் பயன்படுகிறது என்று சொல்கிறேன். அந்தக் குதிரையை மாணவர் முன் கடினமான தரையில் நேராக ஓடவிடுவோம். இரு கால்களிலும் வலி இருப்பதால் தலையாட்டம் தெளிவாகத் தெரியாது. அடி குறுகியிருக்கும், அவ்வளவுதான். பிறகு குளம்பின் பின்பகுதிக்குச் செல்லும் நரம்பின்மேல், ஒரு காலில் மட்டும், மரத்துப்போகச் செய்யும் மருந்தைச் சிறிதளவு ஊசியால் செலுத்துவோம். 5 முதல் 10 நிமிடங்களில் அந்தக் கால் வலியை மறக்கும். மீண்டும் ஓடவிட்டால், இதுவரை மறைந்திருந்த எதிர்க்கால் நொண்டல் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி வெளியே வரும். வலி எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் குதிரை வாய்திறந்து சொன்னதைப் போன்றது அந்தக் கணம். இதை நலமான குதிரையில் காட்ட முடியாது, படத்தில் பார்த்துக் கை பழகாது. அந்தக் குதிரைக்கு இதனால் நேர்வது ஓர் ஊசிக்குத்து. கூடவே சிறிது நேர வலி நிவாரணம்.

நொண்டிப் பெண்குதிரைகளுக்கு இன்னொரு வேலை உண்டு. கருப்பை நலமாக இருந்தால், இன்னொரு குதிரையின் கருவைச் சுமக்கும் வாடகைத் தாயாக இருக்கலாம். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம் இத்துறையில் முன்னோடி. காயடித்த பெரிய உடல்வாகு கொண்ட ஆண் குதிரைகளில், குறிப்பிட்ட இரத்தவகைக் கூறுகள் இல்லாதவை, மருத்துவமனையின் இரத்தக் கொடையாளிகளாக நிற்கின்றன. நள்ளிரவில் இரத்தம் இழந்து வரும் ஒரு குட்டி பிழைப்பது அவற்றால்தான். மூச்சிரைப்புக் குதிரைகளைக் கூட்டமாக வைத்து ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பணியிலிருந்தே, தூசியில்லாத தீவனம்தான் முதல் மருந்து என்ற தெளிவு இன்று சிறு லாயம் வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது.


பச்சைப்புல் எழுதியது:

கால்நடை மருத்துவம் படிக்கும் மாணவி நான். ஒரு சிறு கூடுதல் செய்தி.

வயிற்றுவலியோடு வரும் குதிரையின் மலக்குடல் வழியாக, தோள் வரை உறையணிந்த கையைச் செலுத்தி, குடல் எங்கே முறுக்கியிருக்கிறது என்று தடவி அறிவது உயிர்காக்கும் பரிசோதனை. தவறாகச் செய்தால் குடல் கிழிந்து குதிரை இறந்துவிடும். இதை முதன்முதலில் நாங்கள் வலியால் துடிக்கும் வேறொருவர் குதிரையில் செய்துபார்த்துக் கற்க முடியுமா? மாதிரிப் பொம்மைகளில் பல வாரங்கள் பழகிய பின்னரே எங்களை உயிருள்ள குதிரையிடம் அனுமதிக்கிறார்கள். ஒரு குதிரையை ஒருநாளில் இத்தனை முறைக்கு மேல் தொடக் கூடாது என்று வரம்பு இருக்கிறது, அதைப் பதிவேட்டில் குறிக்கிறோம். அமைதியான முதிய குதிரைகளைத்தான் இதற்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவற்றுக்குப் பெயர் உண்டு, அவற்றின் குணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும்.


கொங்குவேள் எழுதியது:

பதில்களுக்கு நன்றி. இரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன்.

முதலாவது, உடலை அப்புறப்படுத்தும் சிக்கல். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். குதிரையோ இறந்தாலும் செலவுதான். ஏறத்தாழ 500 கிலோ எடையுள்ள உடலைப் புதைக்க இயந்திரமும் சொந்த நிலமும் வேண்டும். நிலத்தடி நீரைக் காரணம் காட்டிப் பல ஊராட்சிகள் அதைத் தடைசெய்கின்றன. கருணைக்கொலைக்குப் பயன்படும் பென்டோபார்பிட்டால் மருந்து உடலிலேயே தங்கிவிடுவதால், அதைத் தின்ற கழுகுகள் இறந்த நிகழ்வுகள் உண்டு. அதனால் கழிவு இறைச்சியைப் பதப்படுத்தும் ஆலைகள் பலவும் அப்படிப்பட்ட உடலை ஏற்பதில்லை. எரியூட்டலுக்குப் பெருந்தொகை ஆகும். வாடகை லாயத்தில் குதிரை வைத்திருக்கிற குடும்பத்துக்கு, அறம்பேசி அவர்கள் சொன்ன மேய்ச்சல் நில முடிவு பலசமயம் வாய்ப்பதேயில்லை.

இரண்டாவது, பந்தய உலகம். வட அமெரிக்காவில், பந்தயத்துக்கென வளர்க்கப்படும் தரோபிரெட் இனக் குட்டிகளின் பிறப்பு 1986இல் 51,000ஐத் தாண்டி உச்சத்தைத் தொட்டது. இன்று அது 20,000க்கும் கீழே இறங்கிவிட்டது. அதே 1986இல் கென்டக்கி டெர்பி என்ற புகழ்பெற்ற பந்தயத்தை வென்ற ஃபெர்டினாண்ட் என்ற குதிரை, இனப்பெருக்கத்துக்காக ஜப்பானுக்கு விற்கப்பட்டு, 2002இல் அங்கே இறைச்சிக்காகக் கொல்லப்பட்டதாக அடுத்த ஆண்டு செய்தி வந்தது. டெர்பி வென்ற குதிரைக்கே அந்தக் கதி என்றால் தன் குதிரையின் கதி என்னவாகும் என்று ஒவ்வொரு உரிமையாளரும் அன்று நடுங்கியிருப்பார். விற்ற குதிரை கைமாறிக் கைமாறிப் போகும். கல்லூரிக்குக் கொடுத்த குதிரை எங்கே இருக்கிறது என்று கேட்கவாவது ஒரு முகவரி உண்டு. வரியைவிட இந்த ஒன்றே பெரிய காரணம் என்று, இதுவரை படித்ததிலிருந்து, எனக்குத் தோன்றுகிறது.


அறம்பேசி எழுதியது:

முகவரி உண்டு என்பது சரி. ஆனால் அந்த முகவரி விடை சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தம் கட்டாயப்படுத்துவதில்லை. முழு உரிமையும் மாறிய பின், கல்லூரி தனக்குத் தேவையற்றதை வெளியே விற்கலாம், ஏலத்திலும் விடலாம். எந்த அச்சத்தால் கொடுத்தார்களோ அதே ஏலக் களத்துக்கு அந்தக் குதிரை சுற்றி வந்து சேர வழி திறந்தே இருக்கிறது. உடலை அப்புறப்படுத்துவது பற்றிக் கொங்குவேள் அவர்கள் சொன்னதை ஏற்கிறேன். மாணவி சொன்ன பரிசோதனையின் தேவையையும் ஏற்கிறேன். என் எதிர்ப்பு எழுத்தில் இல்லாத நம்பிக்கைக்கு எதிரானது.


கணக்காயன் எழுதியது:

இங்கே ஒரு நுட்பம் உண்டு. "திருப்பித் தர வேண்டும்", "எனக்கு மட்டுமே முதலில் விற்க வேண்டும்" என்பன போன்ற நிபந்தனைகளை உரிமையாளர் விதித்தால், அது முழுமையான தானம்தானா என்ற கேள்வி வரித் துறையில் எழும்; கழிவின் மதிப்பும் குறையக் கூடும். வரிக் கழிவை நாடாதவருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. மேலே சொன்னபடி பெரும்பாலோருக்குக் கழிவே கிடைக்காது என்பதால், அவர்கள் தயங்காமல் நிபந்தனைகளைக் கேட்கலாம்; ஏற்பதும் மறுப்பதும் கல்லூரியின் விருப்பம்.


நிலாமுற்றம் எழுதியது:

நாங்கள் கேட்டோம். குதிரை இனித் தேவையில்லை என்று கல்லூரி முடிவெடுத்தால் முதலில் எங்களுக்குத் தெரிவிப்பதாக ஒரு வரியைச் சேர்த்தார்கள். ஏலத்துக்கு அனுப்புவதில்லை என்பது தங்கள் கொள்கை என்றும் எழுத்தில் கொடுத்தார்கள். அது இல்லாதிருந்தால் நாங்கள் கையெழுத்திட்டிருக்க மாட்டோம்.


லாயத்துமருத்துவர் எழுதியது:

அம்மையார் செய்ததைத்தான் நான் எல்லோருக்கும் பரிந்துரைப்பேன். கற்பித்தலுக்கா, ஆய்வுக்கா, உடற்கூற்றுக்கா என்பதைக் கேளுங்கள். மயக்கம் தெளியவிடாத அறுவை வகுப்புகள் இன்னும் உண்டா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதில் தவறில்லை, நேர்மையான கல்லூரி பதில் சொல்லும். வெளியேறும் குதிரைகள் எங்கே போகின்றன, சோதனைக் காலம் எவ்வளவு, அதற்குள் குதிரை ஒத்துவரவில்லையென்றால் அழைத்துச் செல்லும் செலவு யாருடையது என்பதையும் எழுத்தில் பெறுங்கள். மிகவும் நலிந்த குதிரையாக இருந்தால், தானத்துக்குப் பதிலாகக் கருணைக்கொலையைக் கல்லூரி மருத்துவமனையிலேயே, நீங்கள் அருகில் நிற்க, நடத்திவிட்டு உடலை மட்டும் கற்பித்தலுக்குக் கொடுக்கலாம். அறம்பேசி அவர்களின் கவலைக்கும் உடலை அப்புறப்படுத்தும் சிக்கலுக்கும் ஒருசேர விடையளிக்கும் வழி அது. கலிஃபோர்னியாவில் 1990 முதல், பந்தயக் களங்களில் இறக்கும் குதிரைகள் எல்லாவற்றையும் பிரேதப் பரிசோதனை செய்கிறார்கள். முழு எலும்பு முறிவுக்கு முன்பே நுண்ணிய அழுத்த விரிசல்கள் இருந்தன என்பது அப்படித்தான் தெரியவந்தது. ஓடிக்கொண்டிருக்கும் குதிரைகளில் அவற்றை முன்னதாகத் தேடும் பழக்கம் அதன் பிறகே வலுப்பெற்றது.

கொங்குவேள் அவர்களின் கேள்விக்கு என் கடைசி வார்த்தை: விற்க முடியாத நேர்மை, கொல்ல முடியாத பாசம், வைத்துக்கொள்ள முடியாத செலவு ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் நெருக்கும்போதுதான் எங்கள் தொலைபேசி ஒலிக்கிறது. வந்த அழைப்புகளில் பெரும்பகுதியை நாங்கள் மறுக்க வேண்டியிருக்கிறது. எங்கள் லாயத்தில் இடம் குறைவு, பாடத்துக்குப் பொருந்தும் குதிரையும் சிலவே. குளிர்காலத் தீவனச் செலவை எண்ணி இலையுதிர் காலத்தில் அழைப்போர் மிகுதி. அப்போது எங்கள் வகுப்புகளுக்கான குதிரைகள் ஏற்கெனவே தேர்வாகியிருக்கும். கொடுக்க எண்ணுபவர்கள் வசந்த காலத்திலேயே, குதிரையின் முழு மருத்துவக் குறிப்புகளோடும் எக்ஸ்-ரே படங்களோடும் தொடர்பு கொண்டால், ஏற்கப்படும் வாய்ப்பு கூடுதல்.